ஸ்பெயின் நாட்டுப் பண்பாடும் பழக்கவழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள், ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியவர்கள், சும்மா ஆர்வத்தில் விசாரிப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

காளைச் சண்டை, ஃபிளமென்கோ. இதைத் தாண்டி ஸ்பெயினில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஃபிளமென்கோ என்ற பாட்டு-நடனக் கலை தெற்கே உள்ள அண்டலூசியா பகுதிக்கு உரியது. சுற்றுலா விளம்பரங்கள்தான் அதை நாடு முழுவதற்கும் ஒட்டிவிட்டன. வடமேற்கே, மழை ஓயாத கலிசியாவில் ஊர்த் திருவிழா என்றால் பேக்பைப் ஊதுவார்கள். பாஸ்க் பகுதியில் மரம் வெட்டுவதும் பாறாங்கல் தூக்குவதும் பந்தயம் கட்டிப் பார்க்கும் விளையாட்டுகள். கேனரி தீவுகளில் ஒன்றான லா கோமேராவில் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சீட்டியடித்தே சேதி சொல்லும் வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

1978 அரசியல் சாசனத்துக்குப் பிறகு நாடு 17 தன்னாட்சிப் பகுதிகளாகப் பிரிந்து இயங்குகிறது. கொடி, மொழி, சமையல், விடுமுறை எல்லாம் பகுதிக்குப் பகுதி மாறும். ஆனால் எங்கே போனாலும் ஒன்று மட்டும் பொது: திருவிழாவுக்கு உயிர் கொடுப்பது அரசாங்கமோ சுற்றுலாத் துறையோ இல்லை, தெருவாசிகள் சேர்ந்து நடத்தும் சங்கம். செவில் நகரில் அதற்குப் பெயர் எர்மந்தாத், வலென்சியாவில் ஃபால்யா, கத்தலோனியாவில் கோல்யா, பம்ப்லோனாவில் பென்யா. ஆண்டு முழுக்க சந்தா, சொந்தமாக ஒரு கூடம், வாராவாரம் கூட்டம், நடுவில் கொஞ்சம் சண்டை சச்சரவு. நாம் பார்ப்பது விழா நாளை மட்டும்தான். இந்தச் சங்கங்களைப் புரிந்துகொண்டால் ஸ்பெயினில் பாதி புரிந்துவிடும்.

எல்லோரும் ஸ்பானிஷ்தான் பேசுகிறார்களா?

எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் அது தாய்மொழி இல்லை. கத்தலான், கலிசியன், பாஸ்க் ஆகிய மூன்றும் அந்தந்தப் பகுதிகளில் ஆட்சிமொழிகள். வலென்சியாவில் பேசப்படும் வலென்சியன் கத்தலானோடு மிக நெருங்கியது; இரண்டும் ஒன்றா வேறா என்று அங்கே கேட்டுவிடாதீர்கள், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். பார்சிலோனாவில் ஒருவர் "இது ஸ்பானிஷ் இல்லை, கத்தலான்" என்று திருத்தினால் கோபப்படுகிறார் என்று அர்த்தமில்லை.

பாஸ்க் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று இணையத்தில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். பாஸ்க், அறியப்பட்ட எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனிமொழி என்பதே மொழியியலாளர்களின் முடிவு.

ராத்திரி பத்து மணிக்கு சாப்பிடுகிறார்களே, ஏன்?

கடிகாரத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. பூகோளப்படி ஸ்பெயின் லண்டனுக்கு நேர்கோட்டில் இருக்கிறது. 1940 மார்ச்சில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது, ஜெர்மனியின் நேரம். போர் முடிந்தும் யாரும் அதைப் பழையபடி மாற்றவில்லை. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். ஆகவே கோடைக்கால மாட்ரிட்டில் உச்சி வெயில் அடிக்கும்போது கடிகாரம் இரண்டைத் தாண்டியிருக்கும். இரண்டரை மணிக்கு மதியச் சாப்பாடு என்பது சூரியனைக் கேட்டால் சரியான நேரம்தான். கலிசியாவில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் பொழுது சாய்கிறது. வெளிச்சம் இருக்கும்போது யார் ராச்சாப்பாட்டுக்கு உட்காருவார்கள்?

நடைமுறையில் ஒரு நாள் இப்படி ஓடும்: காலையில் காபியும் ஏதோ ஒரு துண்டும், பதினொரு மணி வாக்கில் சின்னதாக ஒரு தீனி, இரண்டு முதல் நான்கு வரை மதியச் சாப்பாடு (இதுதான் பெரியது), இரவு ஒன்பதுக்கு மேல் லேசாக ஏதாவது. மாலை ஆறு மணிக்கு உணவகத்துக்குப் போனால் சமையலறை பூட்டியிருக்கும். வார நாட்களில் மதியம் 'மெனு தெல் தியா' என்று எழுதியிருக்கும் கடையில் நுழைவது புத்திசாலித்தனம்: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு அல்லது காபி, ரொட்டி, குடிக்க ஒன்று, எல்லாம் ஒரே விலைக்குள்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுவது வழக்கமில்லை. தட்டை எடுத்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மேசையிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கு சோப்ரமேசா என்று பெயர். நீங்கள் கேட்காமல் பில் வராது. மறந்துவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம், விரட்டக் கூடாது என்ற மரியாதை அது.

மதியம் எல்லோரும் தூங்குவார்களாமே?

நகரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வார இறுதி ஆசை, அவ்வளவுதான். சின்ன ஊர்களில் இரண்டிலிருந்து ஐந்து வரை கடைகள் சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் மருந்து வாங்கப் போய் அலைய வேண்டாம்.

பாயேயாதானே தேசிய உணவு?

வலென்சியாக்காரரிடம் இதைச் சொன்னால் முகம் மாறும். அது அவர்கள் ஊர்ச் சோறு. நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் வயல்கள் இருக்கின்றன. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வேரூன்றிய சாகுபடி. அங்கே பிறந்த பாயேயாவில் கோழி, முயல், அகலமான பச்சை பீன்ஸ், கர்ரோஃபோ என்ற பெரிய வெள்ளை அவரை, தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் சேரும். நத்தையும் சிலர் போடுவார்கள். கடல் உணவு போட்டதும் உண்டு, அது தனி வகை. சோரிசோ தொத்திறைச்சியைப் போட்டால் மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

செய்முறையில் முக்கியமான விதி, அரிசியைத் தண்ணீரில் கொட்டிப் பரப்பிய பிறகு கிளறக் கூடாது. அகலமான, ஆழமில்லாத இரும்புச் சட்டியில் அரிசி விரல் கனத்துக்கு மேல் இருக்காது. தண்ணீர் வற்றியதும் கடைசி நிமிடத்தில் தீயைக் கூட்டுவார்கள். அடியில் சடசடவென்று பொரியும் சத்தம் வரும். காதை வைத்துக் கேட்டுத்தான் இறக்குவார்கள். அந்த அடிப்பிடித்த பொன்னிறப் படலம் சொக்கர்ராத். கரண்டியால் சுரண்டி எடுக்க வீட்டில் போட்டி நடக்கும். பாயேயா ஞாயிறு மதியச் சாப்பாடு. இரவு ஒன்பது மணிக்கு வாசலில் படம் போட்டு விற்கிற கடை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கானது.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

இல்லை, ஆனால் கவனம் வேண்டும். "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் பன்றித் தொடையான ஹமோனைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள், அல்லது டூனா மீன் போட்ட சாலட் வரும். அவர்கள் கணக்கில் இரண்டும் இறைச்சியில் சேராது. "நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ" என்று மூன்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள்.

நம்பிச் சாப்பிடக் கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி ரசம், பாத்ரோன் மிளகாய் வறுவல் (பத்தில் ஒன்று சுரீரென்று உறைக்கும், மற்றவை சாது). முட்டை சாப்பிடுவோருக்கு உருளைக்கிழங்குத் தோர்த்தியா என்ற ஆம்லெட்; அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பது முடிவே இல்லாத தேசிய விவாதம். செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சமைப்பார்கள். நம் நாக்குக்குச் சட்டென்று ஒட்டும்.

காரம் எதிர்பார்க்காதீர்கள். ஊறுகாய் பாட்டில் பெட்டியில் இருக்கட்டும்.

ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர் ஏன்?

முதலாவது அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது. திருமணமானாலும் பெண்கள் தங்கள் பெயரை மாற்றுவதில்லை. அதனால் ஒரே வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகிய மூன்று தரப்புக்கும் மூன்று விதப் பெயர்கள். வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று 1999 சட்டம் அனுமதித்தது. ஓவியர் பாப்லோ ருய்ஸ் பிக்காசோவை நாம் அறிவது அம்மா பெயரால்தான். விண்ணப்பப் படிவங்களில் 'இரண்டாம் குடும்பப் பெயர்' கட்டத்தைப் பார்த்துத் தமிழர்கள் திகைப்பது வழக்கம். வெளிநாட்டவர் அதைக் காலியாக விடலாம்.

தீ வைக்கும் திருவிழா எது?

ஃபால்யாஸ், வலென்சியா. மார்ச் 15 முதல் 19 வரை. நகரத்தில் 350-க்கும் மேற்பட்ட தெருச் சங்கங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சிற்பக் கலைஞர் ஒருவரை அமர்த்தி, ஆண்டு முழுக்கப் பணம் சேர்த்து, தெருமுனையில் பிரம்மாண்டமான பொம்மைக் கோபுரம் ஒன்றை நிறுத்தும். பெரியவை ஐந்தாறு மாடி உயரம். லட்சக்கணக்கான யூரோ செலவு. அரசியல்வாதி, நடிகர், கால்பந்து வீரர் யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள், எல்லோரையும் கிண்டலடித்துப் பொம்மையாக வைத்திருப்பார்கள். மார்ச் 19 இரவு, புனித யோசேப்பு நாளன்று, எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த பொம்மை மட்டும் தப்பித்து அருங்காட்சியகம் போகும். இந்த மன்னிப்பு 1934 முதல் நடைமுறையில் இருக்கிறது.

குறுகிய தெருக்களில் தீ எரியும்போது தீயணைப்பு வீரர்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்கள். இவ்வளவு காசைக் கரியாக்கலாமா என்று கேட்டால், எரிக்காமல் எப்படி அடுத்த வருஷத்துக்குப் புதிதாகச் செய்வது என்று திருப்பிக் கேட்பார்கள். சிலர் அழுவதும் உண்டு.

மார்ச் 1 முதலே தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகராட்சி மன்ற மைதானத்தில் மஸ்க்லெத்தா நடக்கும். பட்டப்பகலில் வெடிக்கும் வெடி. பார்ப்பதற்கு புகைதான், விஷயம் சத்தத்தில் இருக்கிறது. தாளம் போட்டதுபோல மெதுவாகத் தொடங்கி, முடிவில் கால் வழியாக நெஞ்சு அதிரும். காதைப் பொத்தாதீர்கள், வாயைத் திறந்து வையுங்கள் என்பது உள்ளூர் அறிவுரை.

கூம்புத் தொப்பி போட்டு முகத்தை மூடிக்கொண்டு போகிறவர்கள் யார்?

அமெரிக்காவின் கூ கிளக்ஸ் கிளான் கும்பலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் பாவப் பரிகாரமாக ஊர்வலம் போகும் பக்தர்கள் இவர்கள். இந்த உடை பல நூற்றாண்டுகள் பழையது. முகத்தை மூடுவது, தவம் செய்கிறவர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக. செவிலில் இதன் உச்சம். ஏசு அல்லது மாதா சிலை வைத்த மேடை ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். சக்கரம் கிடையாது. திரைக்குள்ளே மறைந்து பல டஜன் ஆட்கள் பிடரியில் சுமப்பார்கள். அவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. முன்னால் நிற்கும் தலைவர் மேடையில் பொருத்திய உலோகச் சுத்தியலால் டக்கென்று தட்டுவார். ஒரு குரல் கொடுப்பார். அத்தனை பேரும் ஒரே மூச்சில் எம்பித் தூக்குவார்கள்.

சிறுவர்கள் ஓரத்தில் நின்றுகொண்டு, மெழுகுவர்த்தி ஏந்தி வருகிறவர்களிடம் மெழுகு சொட்டச் சொல்லி உருண்டை பிடிப்பார்கள். அந்த உருண்டை வருஷா வருஷம் பெருக்கும். மழை வந்தால் ஊர்வலம் ரத்து. பழைய சிலைகள் நனையக் கூடாது. பன்னிரண்டு மாதம் காத்திருந்த பெரியவர்கள் கோயில் வாசலில் விம்மி அழுவதை தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவார்கள்.

காளைச் சண்டை நம் ஜல்லிக்கட்டு மாதிரியா?

இல்லை. ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்துத் தொங்குகிறோம். காளை வீட்டுக்குத் திரும்பிவிடும், அடுத்த ஆண்டும் வரும். கொர்ரீதா என்ற ஸ்பானிஷ் காளைச் சண்டையில் மூன்று வீரர்கள் ஆறு காளைகளை எதிர்கொள்வார்கள். முடிவில் வாளால் குத்திக் கொல்வதுதான் சடங்கு. மிக அரிதாகவே ஒரு காளைக்கு உயிர்ப்பிச்சை கிடைக்கும்.

ஸ்பெயினிலேயே இது பெரிய பிளவு. கேனரி தீவுகள் 1991-இல் விலக்கின. கத்தலோனிய நாடாளுமன்றம் 2010-இல் தடை கொண்டுவந்தது. 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் பார்சிலோனா அரங்கில் காளைச் சண்டை திரும்ப நடக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே கத்தலோனியாவின் தெற்கே எப்ரோ ஆற்றுப் பக்கம் கொம்பில் தீப்பந்தம் கட்டிக் காளையை ஓடவிடும் வழக்கத்தை அந்தத் தடை தொடவே இல்லை. 2013-இல் ஸ்பெயின் நாடாளுமன்றம் காளைச் சண்டையைப் பண்பாட்டுச் சொத்து என்று சட்டம் போட்டது. 2024-இல் பண்பாட்டு அமைச்சகம் அதற்கான தேசிய விருதை நிறுத்தியது. விருந்துக்குப் போன வீட்டில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காமல் இருப்பது நல்லது.

அப்படியென்றால் பம்ப்லோனாவில் தெருவில் ஓடுவது?

அது சான் ஃபெர்மின் திருவிழா, ஜூலை 6 முதல் 14 வரை. 7-ஆம் தேதியிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு ஓட்டம். சுமார் 850 மீட்டர். இரண்டரை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடுகிற காளைகள் அன்று மாலையே அரங்கில் சாகப் போகின்றன என்பது வெள்ளை உடை, சிவப்புக் கழுத்துத் துணி மாட்டிக்கொண்டு வரும் வெளிநாட்டவர் பலருக்குத் தெரியாது. போனால் பலகணியிலிருந்து பாருங்கள். ஓடாதீர்கள்.

ஃபிளமென்கோ இந்தியாவிலிருந்து போனதா?

ஃபிளமென்கோவை வளர்த்தெடுத்த ஹித்தானோ மக்கள், ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா இனத்தவர். அவர்களுடைய முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதற்கு மொழிச் சான்றும் மரபணுச் சான்றும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வந்தார்கள். 1749-இல் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டது உட்பட நீண்ட கொடுமைகளைத் தாங்கினார்கள். அதனால் உறவு உண்மை. ஆனால் கதக் நேராகப் போய் ஃபிளமென்கோவாக மாறியது என்பது மிகை. அண்டலூசிய நாட்டுப்பாட்டு, அரபு, யூத இசைச் சாயல், பின்னாளில் அமெரிக்கக் கண்டத்துத் தாளம் எல்லாம் கலந்த கலவை அது. மேடையில் தாளத்துக்கு உட்கார்ந்து தட்டும் கஹோன் மரப்பெட்டிகூட பெருவிலிருந்து 1970-களில் கிதார் மேதை பாக்கோ தே லூசியா கொண்டுவந்தது.

நடனம் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஃபிளமென்கோவின் நடுநாயகம் பாட்டு. பன்னிரண்டு அடிச் சுழற்சியில் பாடகர் ஒரு வரியை இழுத்து எங்கே இறக்குகிறார் என்று கவனித்துக்கொண்டிருந்தால், கூட்டம் ஏன் திடீரென்று 'ஓலே' என்கிறது என்பது விளங்கும்.

மனிதக் கோபுரம் கட்டுவது எந்த ஊர்?

கத்தலோனியா. தொடங்கிய இடம் தர்ரகோனா பக்கத்து வால்ஸ் என்ற ஊர். பத்து அடுக்கு வரை எழுப்பியிருக்கிறார்கள். அடியில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பார்கள்; மேலே ஏற ஏற எடை குறைந்தவர்கள்; உச்சியில் ஹெல்மெட் போட்ட குழந்தை கையை ஒருமுறை உயர்த்திவிட்டு மறுபக்கம் இறங்கும். இறங்கி முடித்தால்தான் கோபுரம் முழுமை. அடியில் நிற்பவர்களால் தலையை நிமிர்த்த முடியாது. மேலே எந்தக் கட்டம் என்பதை ஓரத்தில் ஊதும் கிரால்யா குழலின் மெட்டு மாறுவதை வைத்தே தெரிந்துகொள்வார்கள். அடித்தளத்துக்கு எப்போதும் ஆள் தேவை. வேடிக்கை பார்க்கப் போன உங்களையும் கூப்பிட்டுவிடுவார்கள்.

தக்காளி அடித்துக்கொள்வது பழங்கால வழக்கமா?

1945-இல் புன்யோல் என்ற ஊரில் இளவட்டங்கள் போட்ட சண்டையிலிருந்து தொடங்கியது. ஆகஸ்ட் கடைசிப் புதன், ஒரே ஒரு மணி நேரம். 2013 முதல் டிக்கெட் உண்டு. சினிமாப் பாட்டில் பார்த்த அளவே போதும் என்பது எங்கள் கருத்து.

கிறிஸ்துமஸ் எப்படி?

டிசம்பர் 22-லேயே தொடங்கிவிடுகிறது, லாட்டரியோடு. 1812-இல் காதிஸ் நகரில் பிறந்த குலுக்கல் இது. மாட்ரிட்டின் சான் இல்தேஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்ணையும் பரிசையும் காலை முழுக்க ராகம் போட்டுப் பாடுவார்கள். ஒரு சீட்டு 20 யூரோ; முதல் பரிசு விழுந்தால் அந்தச் சீட்டுக்கு 4 லட்சம் யூரோ. ஒரே எண்ணில் பல சீட்டுகள் இருப்பதால் அலுவலகம், மதுக்கடை, தெருச் சங்கம் என்று எல்லோரும் கூட்டாக வாங்குவார்கள். நம்பிக்கையைவிட பயம்தான் பெரிய காரணம்: மற்ற எல்லோருக்கும் விழுந்து நமக்கு மட்டும் விழாமல் போய்விட்டால்?

31 நள்ளிரவில் மாட்ரிட் புயெர்த்தா தெல் சோல் கடிகாரம் அடிக்கும் பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு திராட்சை. மூன்று வினாடிக்கு ஒன்று. விதை எடுத்து, தோலுரித்து, டப்பாவில் எண்ணிப் போட்டே விற்கிறார்கள். குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவது ஜனவரி 5 இரவு வரும் மூன்று ராஜாக்கள். ஷூவைத் துடைத்து வைத்து, ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைப்பார்கள். மறுநாள் வட்ட ரொட்டி வெட்டும்போது உள்ளே மறைத்த அவரை விதை யார் துண்டில் வருகிறதோ, ரொட்டிக்கான காசு அவர் தலையில்.

கேள்விப்படாத ஒன்று சொல்லுங்களேன்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வலென்சியா பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போங்கள். கறுப்பு அங்கி போட்ட எட்டு விவசாயிகள் வட்டமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள். முறை தவறித் தண்ணீர் திறந்தவர், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டவர் மீதான வழக்குகளை விசாரிக்கும் நீர் நீதிமன்றம் இது. வக்கீல் கிடையாது, காகிதமும் கிடையாது. எல்லாம் வாய்மொழி, அதுவும் வலென்சியன் மொழியில். ஒவ்வொரு வாய்க்கால் பெயரையும் உரக்கக் கூப்பிடுவார்கள். பெரும்பாலான வாரம் யாரும் வருவதில்லை, ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். ஆனால் தீர்ப்பு வந்தால் அது சட்டப்படி செல்லும். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் ஸ்பெயினுக்கும் ஏதாவது தொடர்பு?

புனித சவேரியார். 1506-இல் வட ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், ஹவியேர் கோட்டையில் பிறந்தவர். 1542-இல் முத்துக்குளித்துறை வந்து பரதவர் ஊர்களில் தங்கி, செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய நாளான டிசம்பர் 3 அன்று நாகர்கோவில் கோட்டாறு திருவிழா நிறைவடைகிறது; அதே நாள் நவார்ராவில் மாநில விடுமுறை. காளை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த சான் ஃபெர்மினும் இவரும் அந்தப் பகுதியின் இணைப் பாதுகாவலர்கள். மார்ச் மாதம் அவர் பிறந்த கோட்டைக்கு ஆயிரக்கணக்கானோர் பாதயாத்திரை போகிறார்கள்.

பழகும்போது கவனிக்க வேண்டியது?

அறிமுகத்தில் பெண்களோடு இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுக்கொள்வார்கள், ஆண்களுக்குள் கைகுலுக்கல். பழக்கமில்லை என்றால் கையை நீட்டிவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். லிஃப்டிலும் கடையிலும் நுழைந்ததும் 'ஓலா' சொல்வது அவசியம். சத்தமாக, ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசினால் சண்டை என்று எண்ண வேண்டாம்.

எப்போது போகலாம்?

ஏப்ரல், மே, அக்டோபர் வசதி. புனித வாரத்தில் செவில், மார்ச் நடுவில் வலென்சியா, ஜூலை தொடக்கத்தில் பம்ப்லோனா போக நினைத்தால் பல மாதம் முன்பே அறை போட வேண்டும். ஆகஸ்டில் மாட்ரிட்வாசிகள் தாத்தா பாட்டி ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். தலைநகரில் சின்னக் கடைகள் மூடியிருக்கும், அந்த ஊர்களில் விழா களைகட்டும். ஒவ்வொரு நகராட்சிக்கும் ஆண்டுக்கு இரண்டு உள்ளூர் விடுமுறை தனியாக உண்டு. வங்கி, அலுவலக வேலை இருந்தால் அந்த ஊர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.